யாருடைய ஒழுங்கு? மூன்று படைப்புகளில் வழமை பெறும் இடம்

உடலாலோ உள்ளத்தாலோ பிறரினின்றும் வேறுபட்ட மாந்தர் இலக்கியத்திற்குப் புதியவரல்லர். காப்பியங்களிலும் நாட்டார் கதைகளிலும் நவீன நாவல்களிலும் அவர்கள் தொடர்ந்து இடம்பெற்று வந்துள்ளனர். ஆயின், அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்ற வினாவினும், அவர்கள் எதனைக் குறிக்கின்றனர் என்ற வினாவே திறனாய்வாளரைப் பெரிதும் ஈர்த்துள்ளது. பார்வையற்றவர் ஞானத்தின் குறியீடாகவும், உளவளர்ச்சி குன்றியவர் களங்கமின்மையின் குறியீடாகவும் விளக்கப்பட்டனர். காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கச் செல்லும்வரை அவர்களுடைய ஒருநாட்பொழுது எவ்வாறு கழிகின்றது, அப்பொழுதை ஒழுங்குசெய்பவர் யார், அவ்வொழுங்கு குலையும்போது நிகழ்வது யாது என்னும் சாதாரண வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன.

இச்சாதாரண வினாக்களுடன் மூன்று படைப்புகளை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வில்லியம் போக்னரின் ‘த சவுண்ட் அண்ட் த பியூரி’ (1929) என்ற அமெரிக்க நாவல், பரி லெவின்சன் நெறிப்படுத்திய ‘ரெயின் மேன்’ (1988) என்ற அமெரிக்கத் திரைப்படம், மார்க் ஹாடனின் ‘த கியூரியஸ் இன்சிடென்ட் ஒவ் த டோக் இன் த நைட்-ரைம்’ (2003) என்ற ஆங்கிலேய நாவல் என்பன அவையாகும். காலத்தாலும் கலைத்தரத்தாலும் இவை ஒன்றுக்கொன்று நிகரானவையல்ல. எனினும், ஒருவரது அன்றாட ஒழுங்கு குலைவதும் அது மீள நிறுவப்படுவதும் இம்மூன்றிலும் கதையின் உயிர்நிலையாக அமைந்துள்ளன. ஆகவே, வழமை என்பதன் பயனையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே நோக்குதற்கு இவை துணைபுரிகின்றன.

வழமை: அறிகுறியா, ஆதாரமா?

வழமை என்பதனால் ஈண்டுக் கருதப்படுவது, ஒரு செயல் அதே வேளையில், அதே முறையில், இயன்றவரை அதே மனிதரின் துணையுடன் மீண்டும் மீண்டும் நிகழ்தலாகும். பெரும்பாலோர்க்கு இது ஒரு வசதி. சிலர்க்கோ இதுவே வாழ்க்கையின் அடித்தளம். பார்வையற்ற ஒருவர் தமது வீட்டினுள்ளே பிறர் கைபற்றாது நடமாடக்கூடியதாயிருப்பது, கதிரையும் மேசையும் நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இருப்பதனாலாகும். கதிரையை இடம்மாற்றிவிட்டுச் சொல்லாமற் போகிறவர் அவருடைய நடமாட்டத்தையே பறித்தவராகின்றார். கற்றல் இடர்ப்பாடுடைய ஒருவர் தாமே உடுத்தவும் தேநீர் தயாரிக்கவும் பயில்வது, அச்செயல்களின் படிமுறை நாள்தோறும் மாறாதிருப்பதனாலாகும். மறதிநோயுற்ற முதியவர்க்குப் பழகிய வேளையும் பழகிய முகமும் நினைவின் இடத்தை ஓரளவேனும் நிரப்புகின்றன.

1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, இன்று ஓட்டிசம் என வழங்கப்படும் நிலையினை விவரித்த தொடக்க ஆவணங்களுள் முக்கியமானதாகும். சூழலும் செயலும் மாறாதிருத்தல் வேண்டுமென்ற ஆழ்ந்த விருப்பத்தை அவர் அக்குழந்தைகளின் முக்கிய இயல்புகளுள் ஒன்றாகக் கண்டார். மருத்துவம் இவ்வாறு வழமையை ஓர் அறிகுறியாகப் பதிவுசெய்தது. அறிகுறி எனப்படுவது களையப்படவேண்டியது எனக் கருதப்படுவது இயல்பே. ஆனால், உலகின் ஒலியும் ஒளியும் பேச்சும் ஒருங்கே வந்து மோதும்போது, அடுத்து வருவது யாதென முன்கூட்டி அறிந்திருப்பதே ஒருவர்க்குக் காலூன்றும் நிலமாயின், அந்நிலத்தை நோயென்று எவ்வாறு கூறலாம்? ஒரே நடத்தை வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அறிகுறியாகவும், அதனுள் வாழ்பவர்க்கு ஆதாரமாகவும் தோன்றுகின்றது. புனைகதையின் சிறப்பு, நம்மை உள்ளிருந்து நோக்கச் செய்வதேயாகும். இத்துறையில் போக்னர் செய்த முயற்சி, கானரின் கட்டுரைக்குப் 14 ஆண்டுகள் முற்பட்டது.

வேலியோரத்திற் காத்திருப்பவன்

‘த சவுண்ட் அண்ட் த பியூரி’, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அமைந்ததாகக் கற்பனைசெய்யப்பட்ட ஜெபர்சன் என்னும் ஊரில் வாழும் கொம்ப்சன் குடும்பத்தின் வீழ்ச்சியைக் கூறுகின்றது. நான்கு பகுதிகளாலான இந்நாவலின் முதற்பகுதி, 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி, தனது 33ஆவது பிறந்தநாளன்று, பென்ஜி என்பவனின் நனவோட்டமாக அமைந்துள்ளது. பென்ஜிக்குப் பேச்சு இல்லை. நேற்றும் இன்றும் அவனுள்ளத்தில் எல்லைக்கோடின்றிக் கலந்து நிற்கின்றன. அடுப்புத்தீயின் ஒளி, தமக்கை கெடியின் பழைய செருப்பு, கையிற் பிடித்திருக்க ஒரு பூ என்பன அவனை அமைதிப்படுத்தும் பொருள்கள்.

நாவலின் தலைப்பு ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், வாழ்க்கையை ஒரு பேதை கூறும் கதைக்கு ஒப்பிடும் இடத்திலிருந்து பெறப்பட்டதாகும். ஆதலால், பென்ஜியை ஒரு குறியீடாக மட்டும் வாசிக்கத் தலைப்பே தூண்டிவிடுகின்றது. ஆனால், அப்பகுதியைப் பொறுமையுடன் பயில்வோர் காண்பது பொருளற்ற ஓசையை அன்று. பாடசாலை விட்டு வரும் கெடியை வாயிலில் நின்று எதிர்கொள்வது பென்ஜியின் வழமை. அவள் மணமுடித்துப் போய்விட்ட பின்னரும் அவன் வாயிலுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. பாடசாலை விட்டுச் செல்லும் சிறுமியரைக் கண்டு வேலியோரமாகத் தொடர்ந்து செல்கின்றான். ஒருநாள் வாயிற்கதவு தாழிடப்படாதிருக்கின்றது. அவன் வெளியே சென்று ஒரு சிறுமியிடம் ஏதோ சொல்ல முயல்கின்றான், சொல் வரவில்லை. அம்முயற்சி தாக்குதலாகக் கருதப்படுகின்றது. அதன் விளைவாக அவனுக்கு ஆண்மைநீக்க அறுவை செய்யப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியை வழமை என்ற கோணத்திலிருந்து நோக்குமிடத்து அதன் கொடுமை மேலும் தெளிவாகும். பென்ஜியின் வழமை அவனது மொழியாகும். சொல்லாற் கூறமுடியாத பிரிவை அவன் வாயிலுக்குச் செல்லுதல் என்னும் செயலாற் கூறுகின்றான். கெடி இருந்தவரை அம்மொழியைக் கேட்டு விடைபகர ஒருத்தி இருந்தாள். அவள் போனபின், அதே செயல் ஊராரின் கண்ணிற் குற்றமாகின்றது. வழமை தனியொருவனின் பழக்கமாக மட்டும் நிலைபெறமுடியாது, அதனைப் புரிந்துகொள்ளும் மற்றொருவர் அதற்கு இன்றியமையாதவர் என்ற உண்மையை இவ்விடத்திற் காண்கின்றோம்.

டில்சியின் சமையலறை

கெடி போன பின்னர் பென்ஜியின் நாள்களைத் தாங்குபவள் டில்சி. கொம்ப்சன் வீட்டிற் பணிபுரியும் கறுப்பினப் பெண்ணாகிய இவள், நாவலின் நான்காம் பகுதியின் நடுநாயகமாக விளங்குகின்றாள். அது 1928ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு. விடியற்காலையில் டில்சி அடுப்பை மூட்டுகின்றாள், விறகு சுமக்கின்றாள், எசமானியின் அழைப்புக்கு மாடிப்படிகளில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்குகின்றாள், பென்ஜிக்கு உணவளிக்க ஏற்பாடு செய்கின்றாள். போக்னர் இச்செயல்களை எவ்வித அவசரமுமின்றி ஒன்றன்பின் ஒன்றாக விவரிக்கின்றார். நாவலின் முற்பகுதிகளிற் காலக்குழப்பத்துட் சிக்கித் தவித்த வாசகர், இங்குத்தான் முதன்முறையாக நிலையான தரையில் நிற்கின்றார்.

சமையலறைக் கடிகாரம் பழுதுற்றது; ஒரு முள்ளே உடையது. அது ஐந்து முறை அடிக்கும்போது, மணி எட்டு என்கிறாள் டில்சி. இச்சிறு நிகழ்ச்சி நாவலின் இரண்டாம் பகுதியுடன் ஒப்பிடத்தக்கது. அப்பகுதியில், ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவனாகிய மூத்த சகோதரன் குவென்ரின், தந்தை கொடுத்த கடிகாரத்தின் முட்களைப் பிய்த்தெறிகின்றான். காலத்தை நிறுத்த முயன்ற அவன் அன்றே தன் உயிரை முடித்துக்கொள்கின்றான். கடிகாரம் உடைந்திருக்க, அதனைத் திருத்திக் கணக்கிட்டு நாளை நடத்துபவள் டில்சி. ஒழுங்கு என்பது பிழையற்ற பொறியிலிருந்து கிடைப்பதில்லை. பிழைபட்ட பொறியை நாள்தோறும் ஈடுசெய்யும் ஒருவரின் அறிவிலிருந்து கிடைப்பது என இதனை விளங்கிக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளர் ஒருவரைப் பேணும் எந்த வீட்டினரும் இதனை அறிவர்.

டில்சியின் ஒழுங்கு பென்ஜியை வீட்டினுள் ஒடுக்கி வைப்பதன்று. அவனது பிறந்தநாளுக்கு அவள் தன் சொந்தப் பணத்திற் கேக் வாங்குகின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் தன் தேவாலயத்திற்கு அழைத்துச் செல்கின்றாள். சனங்கள் பேசுகின்றனர் என மகள் குறைகூறியபோதும் அவ்வழக்கத்தை விட்டாளில்லை. அங்கே அவன் அமைதியாக அமர்ந்திருக்கின்றான். மாறாத ஒழுங்கு, அவனை மனிதர் கூடும் இடத்திற்குக் கொண்டுசெல்லும் பாதையாகின்றது.

எனினும், டில்சியைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அவளும் முதியவள். அவளுடைய பிள்ளைகளும் பேரனும் இவ்வீட்டின் ஒழுங்கைத் தாங்குவதிலேயே தம் நாள்களைச் செலவிடுகின்றனர். சமையலறையில் இத்தனை பேருக்கு உணவளிப்பதைக் குடும்பத்தலைவனாகிய ஜேசன் பெருஞ்சுமையாகப் பேசுகின்றான். அவர்கள் சுமக்கும் சுமை அவன் கண்ணிற் படுவதில்லை. பென்ஜியின் அமைதி, நிறவேற்றுமையின் அடிப்படையில் அமைந்த ஒரு சமூகத்தில், மறுக்கும் உரிமை மிகக் குறைந்த மக்களின் உழைப்பினாற் பெறப்படுகின்றது. வழமையின் பயனைப் பேசுவோர் அதன் விலையையும் அதனைச் செலுத்துபவரையும் மறந்துவிடலாகாது. நமது வீடுகளில் இவ்விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் தாயாகவோ தமக்கையாகவோ இருப்பதனை நினைவுகூர்தல் தகும். ஓய்வில்லாத ஒருவரின் தோளில் மட்டும் தங்கிய ஒழுங்கு, அவர் நோயுற்ற அன்றே சரிந்துவிடும்.

சிலையின் இடப்புறம்

நாவலின் இறுதிக் காட்சி மேற்கூறியதற்குச் சான்றாகின்றது. ஞாயிறுதோறும் பென்ஜியைக் குதிரைவண்டியிற் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். வழமையாக வண்டியோட்டும் டி.பி. அன்று இல்லை. டில்சியின் பேரனாகிய சிறுவன் லஸ்ரர் அப்பொறுப்பைக் கேட்டுப் பெறுகின்றான். செல்லும் வழியை டில்சி அவனிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கின்றாள். பென்ஜியின் கையிலுள்ள பூவின் தண்டு முறிந்திருந்தது. லஸ்ரர் ஒரு சுள்ளியை வைத்து நூலாற் கட்டி அதனை நிமிர்த்தியிருந்தான். ஊர்ச் சதுக்கத்தை அடைந்ததும், அங்கு நின்ற தன்னினத்தார் முன்னிலையில் மிடுக்காகச் செல்லவேண்டுமென்ற ஆசை சிறுவனுக்கு உண்டாகின்றது. படைவீரன் சிலையை அவன் இடப்புறமாகச் சுற்றுகின்றான். பென்ஜி பேரோலமிடுகின்றான்.

அவ்வேளையிற் சதுக்கத்தைக் கடந்து பாய்ந்துவரும் ஜேசன், வண்டியை வலப்புறமாகத் திருப்புகின்றான். லஸ்ரரை அடிக்கின்றான். பென்ஜியையும் அடிக்கின்றான், பூவின் தண்டு மீண்டும் முறிகின்றது. உடனே வீடு திரும்புமாறும், இனி அவனுடன் வாயிலைத் தாண்டலாகாதென்றும் கட்டளையிடுகின்றான். வண்டி நகர்கின்றது. கட்டடங்களும் மரங்களும் மீண்டும் தத்தமக்குரிய வரிசையிற் கடந்துசெல்ல, பென்ஜி அமைதியடைகின்றான். அத்துடன் நாவல் முடிவடைகின்றது.

இக்காட்சியிலுள்ள ஒழுங்கினைப் பொருளிழந்த வெற்றொழுங்கின் குறியீடாகப் பலர் வாசித்துள்ளனர். வீழ்ந்துபட்ட தென்மாநிலப் பண்பாடு தன் உள்ளீட்டை இழந்து வெறும் வடிவத்தைப் பற்றிக்கொண்டிருக்கின்றது என்பது அவ்வாசிப்பின் சாரம். அதனை முற்றாக மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் அது பென்ஜியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றது. வலப்புறமாகச் செல்வது பென்ஜிக்குக் குறியீடன்று. அது அவனுக்குத் தெரிந்த உலகம். அவ்வுலகம் தலைகீழானபோது அவன் அலறினான். அவ்வலறலுக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை வண்டியோட்டிய சிறுவனும் அறிவான், அடித்தவனும் அறிவான்.

ஆம், ஜேசனும் அறிவான். எப்பக்கமாகச் செல்லவேண்டுமென்பது அவனுக்கு நன்கு தெரியும். ஆனால், அவன் திசையைச் சரிசெய்து பயணத்தை நிறுத்திவிடுகின்றான். கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வதற்காகவே அவ்வழி ஏற்பட்டது; அவனோ வழியை மீட்டு, சென்றடையவேண்டிய இடத்தை மறுக்கின்றான். பென்ஜி அமைதியடைவது ஒன்றே அவனுக்கு வேண்டுவது. டில்சியின் ஒழுங்கு வாயிலுக்கு வெளியே இட்டுச்செல்வது. ஜேசனின் ஒழுங்கு வாயிலை அடைப்பது. வெளித்தோற்றத்தில் இரண்டிலும் வண்டி வலப்புறமாகவே செல்கின்றது. போக்னர் பிற்காலத்தில் எழுதி 1946இல் வெளிவந்த பின்னிணைப்பில், தாயின் மறைவுக்குப் பின் 1933ஆம் ஆண்டில் ஜேசன் பென்ஜியை ஜக்சன் நகரிலுள்ள மாநில மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டதாகக் கூறப்படுகின்றது. இறுதிக் காட்சியின் கட்டளை அங்குப் பூர்த்தியாகின்றது.

நிறுவனத்தின் நேரசூசி

பென்ஜி அனுப்பப்பட்ட அத்தகைய இடங்களில் ஒழுங்குக்குக் குறைவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஏர்விங் கோவ்மன், வாஷிங்டனிலுள்ள ஒரு பெரிய மனநோய் மருத்துவமனையிற் களஆய்வு செய்து 1961இல் வெளியிட்ட ‘அசைலம்ஸ்’ என்னும் நூல் இதனை ஆராய்கின்றது. உறக்கம், உணவு, வேலை யாவும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், பெருங்கூட்டத்தினர் அனைவர்க்கும் ஒரே விதமாக, மேலிருந்து விதிக்கப்பட்ட நேரசூசிப்படி நடைபெறும் அமைப்புகளை அவர் ‘முழுமை நிறுவனங்கள்’ என்ற வகையுள் அடக்கினார். அங்குள்ளவரிடமிருந்து முதலிற் பறிபோவது, தமது சிறுசிறு செயல்களைத் தாமே தீர்மானிக்கும் உரிமையாகும். ஆகவே, ஒழுங்கு நன்று எனப் பொதுப்படக் கூறுவது போதாது. சிறைக்கும் நேரசூசி உண்டு.

‘ரெயின் மேன்’ திரைப்படம் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. டஸ்ரின் ஹொவ்மன் ஏற்று நடித்த ரேமண்ட் என்னும் பாத்திரம், சின்சினாட்டி நகரைச் சார்ந்த வோல்புறூக் என்ற கற்பனை நிலையத்தில் நெடுங்காலமாக வாழும் ஓட்டிசமுடைய மனிதர். தந்தை விட்டுச்சென்ற 30 இலட்சம் டொலரிற் பங்குபெறும் நோக்குடன், அதுவரை அறிந்திராத தம்பி சார்ளி அவரை அங்கிருந்து அழைத்துச் செல்கின்றான். குறித்த கிழமையிற் குறித்த உணவு, அப்பம் வருமுன் பாகு மேசையில் இருத்தல், சாளரத்தருகே கட்டில், குறித்த நேரத்திற் குறித்த தொலைக்காட்சி நிகழ்ச்சி என்பன ரேமண்டின் விதிகள். தொடக்கத்திற் சார்ளிக்கு இவை எரிச்சலூட்டும் தடைகள், பார்வையாளர்க்கு நகைச்சுவை. படம் நகர நகர, அதே சார்ளி அறிமுகமில்லாத ஒரு பண்ணைவீட்டின் கதவைத் தட்டி, அண்ணன் தன் நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு அனுமதி வேண்டி நிற்கின்றான். குளியலறையிற் சுடுநீர் பாய்வதைக் கண்டு ரேமண்ட் கதறும்போது, தம்பி குழந்தையாயிருந்த காலத்தில் நேர்ந்த ஒரு விபத்தின் அச்சம் அதன் பின்னால் இருப்பது வெளிப்படுகின்றது. காரணமற்ற பிடிவாதமெனத் தோன்றியது, தம்பியைக் காக்கும் நினைவாக மாறுகின்றது.

நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற இப்படத்திற்குக் குறையும் உண்டு. ரேமண்டின் அசாதாரணமான நினைவாற்றலும் எண்ணாற்றலும் ஓட்டிசமுடைய யாவர்க்கும் பொதுவானவை என்ற தவறான எண்ணம் பரவ இது துணைபோயிற்று. கசினோவில் அவரது ஆற்றல் பணமீட்டப் பயன்படும்போதுதான் அவர் மதிப்புப் பெறுகின்றார் என்ற உணர்வும் எழுகின்றது. எனினும், இறுதியில் வரும் ஒரு காட்சி ஆழமானது. தம்பியுடன் வாழ விருப்பமா, வோல்புறூக்கிற்குத் திரும்ப விருப்பமா என ஒரு மருத்துவர் ரேமண்டை வினவுகின்றார். இரண்டுக்கும் அவர் ஆம் என்கிறார். வினா திரும்பத் திரும்பக் கேட்கப்பட, அவரது துன்பத்தைக் கண்ட சார்ளி விசாரணையை நிறுத்துகின்றான். ரேமண்ட் நிலையத்திற்கே திரும்புகின்றார். இதனை முதிர்ந்த அன்பின் துறவாகப் படம் காட்டுகின்றது. ஆனால், நிலையமொன்றின் ஒழுங்கா, தம்பியின் ஒழுங்கற்ற வீடா என்ற இரண்டுக்கு அப்பால், அவரது வழமையை ஊர் நடுவே ஒரு சாதாரண வீட்டில் நிலைநாட்டலாம் என்ற மூன்றாவது வழி அவர்முன் வைக்கப்படவேயில்லை. அவர் இரண்டுக்கும் ஆம் என்றது, ஒருவேளை, இரண்டையும் ஒருங்கே வேண்டிய தெளிவான விடையாகவே இருந்திருக்கலாம்.

ஐந்து நிமிட அனுமதி

மூன்றாவது படைப்பில் ஒழுங்கின் உரிமையாளன் மாறுகின்றான். ஹாடனின் நாவலைக் கூறுபவன், இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் வாழும் 15 வயதுச் சிறுவன் கிறிஸ்ரோபர். அவன் தன் அத்தியாயங்களுக்குப் பகா எண்களையே இடுகின்றான். காலையில் வீதியில் தொடர்ச்சியாகக் காணும் செந்நிறக் கார்களின் எண்ணிக்கையைக் கொண்டு அந்நாள் நல்லநாள் எனத் தீர்மானிக்கின்றான். இது தர்க்கத்திற்கு ஒவ்வாதது எனப் பாடசாலை உளவியலாளர் கூறும்போது அவன் அளிக்கும் விடை கருதத்தக்கது. அலுவலகத்தில் அடைந்திருப்போரும் காலையில் வெயில் கண்டு மகிழ்கின்றனர். வெயிலுக்கும் அவர்களது வேலைக்கும் தொடர்பில்லை. அவனது தந்தை நாள்தோறும் காலுறைக்கு முன் காற்சட்டையையே அணிகின்றார், அதற்கும் தர்க்கமில்லை. ஒழுங்கை விரும்புவது தனக்கு மட்டும் உரியதன்று என அவன் நிறுவுகின்றான்.

இவ்விடத்தில் வாசகர் தம்மை நோக்கவேண்டியவராகின்றார். விரிவுரை மண்டபத்தில் நாள்தோறும் ஒரே இருக்கையைத் தேடி அமர்பவர் நம்மிற் பலர். அவ்விருக்கையில் வேறொருவர் அமர்ந்திருப்பின் அன்றைய விரிவுரையே மனத்திற் பதிவதில்லை. நமது வழமைகளைப் பல்கலைக்கழகமும் அலுவலகமும் பேருந்தும் ஏற்கெனவே தாங்கி நிற்பதால், அவை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பிறரது வழமையை உலகம் தாங்க மறுக்கும்போது மட்டும் அது ‘விசேட தேவை’ எனப் பெயர் பெறுகின்றது.

கிறிஸ்ரோபரின் ஒழுங்கைக் குலைப்பவர் அவனை அன்புடன் வளர்த்த தந்தையே. தாய் இறந்துவிட்டதாக அவர் கூறியது பொய். அயல்வீட்டு நாயைக் கொன்றவரும் அவரே. உண்மை அறிந்த சிறுவன், தனக்கு அச்சந்தரும் கூட்டத்தையும் இரைச்சலையும் கடந்து தனியாக இரயிலேறி இலண்டனில் வாழும் தாயிடம் செல்கின்றான். நேரந்தவறாது உணவளித்த கையே பொய்யுரைத்தது என்ற முரணை ஆசிரியர் மறைக்கவில்லை. வேளை தவறாமை மட்டும் நம்பிக்கையாகிவிடாது. சொல்லும் தவறாதிருத்தல் வேண்டும்.

இறுதியில் தந்தை நம்பிக்கையை மீளப்பெற முயலும் விதமே இந்நாவலிற் கற்கத்தக்கது. அவர் சமையலறையில் நேரம் குறிக்கும் கருவியை எடுத்துவந்து, ஐந்து நிமிடம் மட்டும் பேச இடந்தருமாறு மகனை வேண்டுகின்றார். ஐந்து நிமிடம் முடிந்தால் நிறுத்திவிடுவார். மகனது ஒழுங்கினுள் நுழைவதற்கு அவர் மகனிடமே அனுமதி கேட்கின்றார். அவனுக்கு விளங்கும் அளவையைக் கொண்டே கேட்கின்றார். ஜேசனின் அடிக்கும் இக்கருவியின் மணியோசைக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்துள்ளது. இரண்டும் ஒழுங்கை மீட்பதற்கான முயற்சிகளே. ஒன்று அமைதியைப் பெறுகின்றது. மற்றையது உடன்பாட்டைத் தேடுகின்றது.

முடிவுரை

இம்மூன்று படைப்புகளையும் ஒருங்கே நோக்குமிடத்து, வழமையின் மதிப்பை அளப்பதற்கு மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. அவ்வொழுங்கு யாருக்குரியது? அதனைத் தாங்குபவர் யார், அவரைத் தாங்குபவர் யார்? அது ஒருவரை வெளியே இட்டுச்செல்கின்றதா, உள்ளே அடைக்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடைகாணாது மாறாமையைப் போற்றுவது நிறுவனங்களுக்கே வசதியாக முடியும். வழமையை வெறும் பிடிவாதமென ஒதுக்குவது பென்ஜியின் அலறலைக் கேளாதிருப்பதாக முடியும்.

மூன்று படைப்புகளும் இந்நிலையில் வாழ்ந்திராதோரால் ஆக்கப்பட்டவை என்பதையும் கூறுதல் வேண்டும். 1986இல் வெளிவந்த டெம்பிள் கிராண்டினின் தன்வரலாறு முதலாக, ஓட்டிசமுடையோர் தாமே எழுதிய நூல்கள் பல இன்று கிடைக்கின்றன. திறனாய்வு இனி அவற்றையும் அருகில் வைத்தே பென்ஜியையும் ரேமண்டையும் கிறிஸ்ரோபரையும் மதிப்பிடல் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை, எங்கு, யாருடன் வாழ்வது என்பதைப் பிறர்க்கு நிகராகத் தெரிந்துகொள்ளும் உரிமையை அவர்களுக்கு உரித்தாக்குகின்றது. இலங்கை 2016இல் இச்சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. ரேமண்டிடம் கேட்கப்படாத மூன்றாவது வினா, இவ்வாறு நமது நாட்டின் சட்டக் கடப்பாடாகவும் ஆகியுள்ளது. அவ்வினாவைக் கேட்கும் பழக்கத்தை, நாம் வாசிக்கும் நூல்களிலிருந்தே தொடங்கலாம்.

போக்னரின் இறுதிக் காட்சியிற் பெரும்பாலோர் நினைவில் நிற்பது படைவீரன் சிலை. அதனினும் நினைவிற் கொள்ளத்தக்கது, முறிந்த பூந்தண்டுக்குச் சுள்ளி வைத்துச் சிறுவன் கட்டிய நூல். அது வலுவற்றது, ஓர் அடியில் அறுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அதனை மீண்டும் யாரேனும் ஒருவர் கட்டவேண்டியிருக்கும்.